மீன்களுக்காக ஒரு மறியல்

பிலோமினா கேரிட்டி தன் நாற்பத்தேழாவது வயதில்தான் துடுப்புப் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. நகரசபை அவளிடம் ஒரு தகரப் படகையும் இரண்டு துடுப்புகளையும் ஒரு மஞ்சள் பெட்டியையும் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டது. முதல் நாள் காலை படகு ஒரே இடத்தில் மூன்று சுற்று சுற்றியது. கரையில் நின்றிருந்த பழைய துறைமுகத் தொழிலாளர்கள் கைதட்டினார்கள்.

“ஏ மேனா, கப்பல் எந்த ஊருக்குப் போகுது?”

“உன் மாமியார் ஊருக்கு. ஏதாவது கொடுத்தனுப்பணுமா?”

“வேணாம் தாயி. அவளையும் ஏத்திக்கிட்டு இன்னும் கொஞ்சம் தூரமா போ.”

பிலோமினா என்று அவளைக் கூப்பிட்டது ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியார் மட்டும்தான். வட இங்கிலாந்தின் சால்ஃபோர்ட் நகரத்தில் எல்லோருக்கும் அவள் மேனா. அவளுக்கு நீச்சல் தெரியாது. வேலைக்கான நேர்காணலில் அதைக் கேட்டபோது, “இந்தத் தண்ணியில விழுந்தா நீச்சல் தெரிஞ்சும் பிரயோஜனமில்ல சார்” என்றாள். அந்தப் பதிலுக்காகவே வேலை கொடுத்ததாகப் பிறகு சொன்னார்கள்.

அவள் சொன்னதில் மிகையில்லை. சால்ஃபோர்டிலிருந்து கடல் முப்பத்தாறு மைல். கடல் வராத ஊருக்குக் கால்வாய் வெட்டிக் கப்பலைக் கூட்டிவந்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள். மேனா சின்னப் பெண்ணாக இருந்தபோது, அவர்கள் தெருவின் கோடியில் வீட்டுக் கூரைகளுக்கு மேலே கப்பலின் புகைபோக்கி நகர்ந்து போகும். அது அவளுக்கு அதிசயமே இல்லை. கப்பல் போகாத தெருக்களும் உலகத்தில் உண்டு என்பதுதான் பிறகு தெரிந்த அதிசயம். அவள் அப்பா கார்னீலியஸ், ஊருக்குச் சுருக்கமாகக் கான், அந்தக் கப்பல்களிலிருந்து பருத்தி, தேயிலை, சோளம் எல்லாவற்றையும் இறக்கினார். தண்ணீருக்கு மறுகரையில் டிராஃபோர்ட் பார்க். ஆயிரக்கணக்கான ஏக்கருக்குத் தொழிற்சாலைகள். இந்தக் கரையில் இறக்கியதை அந்தக் கரையில் அரைத்தார்கள், உருக்கினார்கள், வார்த்தார்கள்.

பதினைந்து வயதில் மேனா பாலத்தைத் தாண்டி அங்கே வேலைக்குப் போனாள். பிரம்மாண்டமான மின் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றும் வேலை. தொழிற்சாலையின் பதினான்காம் கூடத்தில் இருபத்தேழு வருஷம். சில நாள் காலை, சங்கு ஊதும் நேரத்தில் ஏதாவது ஒரு கப்பல் வந்துவிடும். அதற்கு வழிவிடப் பாலம் பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும். ஆயிரக்கணக்கான சைக்கிள்கள் கரையில் நிற்கும். அன்றைக்கு எல்லோருக்கும் தாமதம், யாருக்கும் சம்பளப் பிடிப்பு இல்லை. கப்பலைக் கையசைத்து வாழ்த்துவார்கள்.

தண்ணீர் மட்டும் எப்போதும் கேவலமாகவே இருந்தது. ஓட்டத்தின் மேல்பக்கத்துச் சாயப்பட்டறைகள் எந்த நிறத்தை ஊற்றினவோ அந்த நிறம். திங்கள் சிவப்பு, புதன் நீலம். ஊரில் ஒரு சட்டம் இருந்தது, எந்தப் புத்தகத்திலும் எழுதாத சட்டம்: கால்வாயில் விழுந்தவனை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வயிற்றில் குழாய் விட்டுக் கழுவ வேண்டும். அப்பா கான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் ஒரு பருத்திப் பொதியோடு விழுந்தார். “குழாயில என்னென்ன வந்துச்சுன்னு டாக்டர் ஒரு தாள்ல எழுதிக்கிட்டாரு. தாள் பத்தல” என்பார். ஐம்பது வருஷமாக அந்தக் கதையில் தாள் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது.

பிறகு கப்பல்கள் கால்வாயில் நுழைய முடியாத அளவுக்குப் பெருத்துவிட்டன. எண்பத்தொன்றில் மேனாவின் கூடம் மூடியது. எண்பத்திரண்டில் துறைமுகத்தின் வாசல் மூடியது. வீட்டில் அப்பாவும் பெண்ணும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே பத்திரிகையின் ஒரே வேலை விளம்பரப் பக்கத்தைப் பார்த்தார்கள். பதினான்காம் கூடத்தை இடித்தபோது அதன் செங்கற்களைப் பாலத்துக்குப் பக்கத்தில் மலையாகக் குவித்துவைத்தார்கள். மேனா அந்த வழியாகப் போகும்போது தலையைத் திருப்பிக்கொள்வாள்.

எண்பத்தாறில்தான் நகரசபை, அந்தத் தண்ணீரைத் திரும்ப உயிர்ப்பிக்க முடியுமா என்று பார்க்கத் துணிந்தது. கப்பல்கள் நின்ற பெரிய துறைக்குளத்தைக் கால்வாயிலிருந்து மண்கரை கட்டிப் பிரித்தார்கள். அடியில் குழாய் போட்டுப் பம்புகளால் காற்றை ஊதினார்கள். தினமும் விடிந்தவுடன் படகில் போய், மஞ்சள் பெட்டியின் கம்பியைத் தண்ணீரில் இறக்கி, ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்த்துக் குறிக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் மேனா.

முதல் நாள் பெட்டியின் முள் 0.4 என்று காட்டியது.

“இது எப்படி, நல்லதா கெட்டதா?” என்று அவள் தண்ணீர் நிபுணர் அலாஸ்டேரைக் கேட்டாள். அவர் ஸ்காட்லாந்துக்காரர். பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டம் இருந்தது. ஊசி போடத் தெரியாத டாக்டர் என்று அவள் அவரைக் கிண்டல் செய்வாள்.

“மீன் உயிரோட இருக்கணும்னா அஞ்சாவது வேணும். சும்மா உயிர் இல்ல, சந்தோஷமா இருக்கணும்னா ஆறு.”

“0.4-ல என்ன உயிரோட இருக்கும் டாக்டரே?”

“நீங்களும் நானும். அதுவும் படகுக்குள்ள இருக்கற வரைக்கும்.”

அவள் கம்பி சுற்றியவள். ஒரே வேலையைப் பத்தாயிரம் தடவை சலிக்காமல் செய்வதும், நூலிழை வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதும் அவளுக்கு ரத்தத்தில் ஊறியவை. இரண்டு குளிர்காலம் கடந்தது. முள் ஒன்றைத் தாண்டியது, மூன்றைத் தாண்டியது, ஒரு மழைநாள் காலையில் ஆறைத் தொட்டது. அன்றைக்கு அவள் பாதி வழியிலேயே துடுப்பை விட்டுவிட்டு இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்த ஒரு பணியாரத்தை நடுக்குளத்தில் உட்கார்ந்து தின்றாள். எண்பத்தெட்டு வசந்தத்தில் பன்னிரண்டாயிரம் மீன்களை லாரியில் கொண்டுவந்து விட்டார்கள். வெள்ளியாக மின்னும், சிவப்புத் துடுப்பு வைத்த ரோச் மீன்கள்.

அதோடு ஒரு கெடுவும் வந்தது. குளத்தைச் சுற்றி வீடுகளும் அலுவலகங்களும் கட்ட ஒரு கம்பெனி முன்வந்திருந்தது. நாறாத தண்ணீர், உயிருள்ள தண்ணீர் என்றால் மட்டும். செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி, திங்கட்கிழமை, அவர்கள் வந்து பார்ப்பார்கள். வலை போடுவார்கள். மீன் உயிரோடு இருந்து, முள்ளும் ஆறைக் காட்டினால் குளம் குளமாக இருக்கும். இல்லையென்றால் குளத்தைத் தூர்த்து, மேலே கார் நிறுத்தும் இடம் போடுவார்கள்.

“எதை வச்சுத் தூர்ப்பாங்க?” என்று மேனா கேட்டாள்.

அலாஸ்டேர் பாலத்துப் பக்கம் கையைக் காட்டினார். செங்கல் மலை.

தன் கூடத்தை வைத்துத் தன் குளத்தைப் புதைப்பதா? மேனா அன்றைக்குப் படகை வழக்கத்தைவிட வேகமாகத் தள்ளினாள்.

கோடைக்காலம் முழுக்க எல்லாம் ஒழுங்காக நடந்தது. செப்டம்பர் ஐந்தாம் தேதி காலை முள் நாலில் நின்றது. பெட்டியைத் தட்டிப் பார்த்தாள். கம்பியைத் துடைத்துவிட்டு மறுபடி இறக்கினாள். நாலு. குளத்தின் தெற்கு மூலையில், பழைய துறைவாசலுக்கு நேர் கீழே, 2.9.

அங்கே ஒரு கூட்டம் நின்றது. ஐம்பது அறுபது பேர். எல்லோரும் பழைய துறைமுகத் தொழிலாளர்கள். நடுவில் அவள் அப்பா, எழுபது வயது, தொப்பி, கழுத்துத் துணி. பக்கத்தில் அவருடைய சிநேகிதர் வில்ஃப் டன்ஸ்டால். கப்பலிலிருந்து ஒவ்வொரு சுமை மேலேறும்போதும் சிலுவை போட்டு ஆசீர்வதித்ததால் அவருக்குப் பிஷப் என்று பெயர். ஒவ்வொருவர் கையிலும் ரொட்டிப் பை. பிஷப்பின் காலடியில் ஒரு சாக்கே இருந்தது.

வேலை இருந்த காலத்தில், காலை ஏழே முக்காலுக்கு அவர்கள் இந்த வாசலில்தான் நிற்பார்கள். மேஸ்திரி வந்து பெயர் கூப்பிடுவார். கூப்பிட்டவனுக்கு வேலை, மற்றவனுக்கு வீடு. வாசல் மூடி ஆறு வருஷமாகியும் ஏழே முக்காலுக்கு அவர்களுடைய கால்கள் தாமாக எழுந்து நின்றன, போக இடம்தான் இல்லை. இப்போது மீன் வந்துவிட்டது. மே மாதத்தில் நாலு பேர் ரொட்டியோடு வந்தார்கள். ஜூலையில் இருபது. இப்போது இத்தனை பேர்.

“பாரு பாரு, எவ்வளவு பசி” என்றார் பிஷப். தண்ணீரின் மேல்மட்டத்தில் நூற்றுக்கணக்கான குட்டி வாய்கள் திறந்து திறந்து மூடின. “பாவம், இங்க வந்ததுலேருந்து பட்டினி போலருக்கு.” சாக்கிலிருந்து இரண்டு கை நிறையச் சோளக் குருணையை அள்ளி வீசினார்.

மேனாவுக்குப் புரிந்துவிட்டது. படகைக் கரையோரம் தள்ளினாள்.

“அப்பா, நிறுத்துங்க. எல்லாரும் நிறுத்துங்க. அது பசி இல்ல. மூச்சு முட்டுது அதுங்களுக்கு. காத்துக்காக மேல வருதுங்க.”

“தண்ணிக்குள்ள இருக்கற மீனுக்கு எதுக்கும்மா காத்து?” என்றார் கான்.

“நீங்க போடற ரொட்டி அடியில போய் அழுகுது. அழுகுறப்ப அது ஆக்சிஜனத் தின்னுது. மீனுக்கு மிச்சமில்ல.”

கூட்டம் யோசித்தது. பிஷப் ஒரு துண்டு ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இந்த ரொட்டியா? இதையேதான் நாப்பது வருஷமா நானும் திங்கறேன். எனக்கு ஒண்ணும் ஆகலியே.”

“உன் மூச்சக் கேட்டா அப்படித் தெரியல வில்ஃப்” என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ரொட்டியும் போட்டார்கள்.

மறுநாளே அலாஸ்டேர் சொல்லி நகரசபை ஒரு பலகை நட்டது: மீன்களுக்கு உணவளிக்கத் தடை, மேலதிகாரி உத்தரவு. அலாஸ்டேருக்கு இந்த ஊர் ஆட்களைத் தெரியாது. மேலதிகாரி உத்தரவு என்று எழுதியதற்குக் கீழ்ப்படிவது என்றால், இவர்கள் தங்கள் அப்பாக்களின் முகத்தில் எப்படி விழிப்பார்கள்? புதன்கிழமை காலை கூட்டம் ஓர் ஆள் குறையாமல், இரட்டிப்பு ரொட்டியோடு வந்தது. பலகையின் தலைக்கு மேலாக ரொட்டி பறந்தது. ஒருவர் பலகையின் மேலேயே பையை மாட்டிவைத்து, வசதியாக அதிலிருந்து எடுத்து எடுத்துப் போட்டார். தெற்கு மூலையில் முள் 2.3. பதினேழு மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. மேனா அவற்றை வாளியில் அள்ளினாள்.

அன்று மாலை தேநீர்க் கோப்பைக்கு எதிரே கான் உட்கார்ந்திருந்தார். மேனா வாளியை மேசைமேலேயே வைத்தாள்.

“இதப் பாருப்பா. நீங்க கொன்னது.”

கான் எட்டிப் பார்த்தார். முகம் வாடியது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

“நான் நிறுத்திடுவேன் மேனா. நான் ஒருத்தன் நிறுத்தி என்ன ஆகப்போகுது? அவனுங்ககிட்டப் போயி நகரசபை சொன்னத நான் சொன்னா, கான் கேரிட்டி முதலாளிக்கு ஆளாயிட்டான்னுவானுங்க. அந்த வாசல்ல நிக்கறவன் எவனையும் பலகையால நிறுத்த முடியாது, போலீஸால நிறுத்த முடியாது. அம்பத்தஞ்சு ஸ்டிரைக்ல குதிரைப் படையே வந்துச்சு, தெரியுமில்ல?”

“அப்ப எதுக்குத்தான் நிப்பீங்க?”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். தேநீரை ஊதிக்கொண்டே சொன்னார்.

“மறியலுக்கு.”

இது அவளுக்குத் தெரியாததல்ல. பஸ்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து பணிமனை வாசலில் நின்ற நாளில், பஸ் ஓடாது என்பது போதாதென்று, அந்த வாசல் இருக்கிற தெருவில் நடக்கவும் மாட்டேன் என்று கான் மூன்று மைல் சுற்றிக் கல்யாணத்துக்குப் போனவர். அவர் போனபோது கேக்கே முடிந்திருந்தது. வேலைநிறுத்தக்காரர்கள் வாசலில் நின்று போடும் மறியல் கோட்டைத் தாண்டியவனோடு சால்ஃபோர்டில் யாரும் பேசமாட்டார்கள். அவன் மகனோடும் பேசமாட்டார்கள்.

மேனா எழுந்து கொல்லைக் கொட்டகைக்குப் போனாள். தேயிலைப் பெட்டியின் பலகை மூடி ஒன்று அங்கே கிடந்தது.

வியாழக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு, ரொட்டிப் பைகளோடு வந்தவர்கள் முதலில் பார்த்தது புகையை. துறைவாசலுக்கு நடுவில் ஓட்டை போட்ட எண்ணெய்ப் பீப்பாய் ஒன்றில் கரி கனன்றுகொண்டிருந்தது. வேலைநிறுத்த வாசலில் குளிர்காய வைக்கும் அந்தப் பீப்பாய்க்கு என்ன அர்த்தம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. கால்கள் பத்தடி முன்னாலேயே நின்றுவிட்டன. பீப்பாய்க்குப் பக்கத்தில் மழைக்கோட்டு போட்ட மேனா. கையில் பலகை. அதில் கரியால் எழுதியிருந்தது: மறியல். தாண்டாதே.

பிஷப் பலகையை இரண்டு தடவை படித்தார்.

“யாரு ஸ்டிரைக்?” என்றார் பிஷப், குரலைத் தாழ்த்தி.

“நான்.”

“நீ மட்டுமா?”

“நான் மட்டும்தான்.”

“சங்கம் ஒத்துக்கிச்சா?”

“சங்கத்தக் கேக்கல.”

கூட்டத்தில் ஒரு மரியாதையான முணுமுணுப்பு எழுந்தது. சங்கத்தைக் கேட்காமல் நடத்துகிற ஸ்டிரைக்தான் அங்கே உயர்ந்த ஸ்டிரைக்.

கான் முன்னால் வந்தார். பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் பலகையைப் பார்த்தே பேசினார், முறைப்படி.

“யார எதுத்து ஸ்டிரைக்?”

“உங்களத்தான். ரொட்டி நிக்கிற வரைக்கும்.”

“எங்கள எதுத்து நீ வச்ச மறியல நாங்களே மதிக்கணும்கற?”

“மதிக்க வேணாம். தாண்டிப் போங்க. அதோ தண்ணி. அதோ மீன். நான் தடுக்கமாட்டேன்.”

அவள் ஒதுங்கி நின்று வழி விட்டாள்.

ரொட்டிப் பையைப் பிடித்த அறுபது கைகள் அசையவில்லை. பீப்பாயில் கரி வெடித்தது. ஒருவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

“ஒரு நிமிஷம்” என்றார் பிஷப். அவர் கண்ணில் ஒரு பளபளப்பு. “நீ காலையில படகுல போயி முள்ளப் பாத்தத நான் பாத்தேன். ஸ்டிரைக் பண்றவ வேலை செய்யலாமா? செல்லாது, செல்லாது.”

அதற்குள் கான் திரும்பிவிட்டார்.

“ஏன் செல்லாது? எல்லா ஸ்டிரைக்லயும் பம்பு ஆளுங்களுக்கு விலக்கு உண்டு. அறுபத்தேழுல நீதானடா அதுக்குத் தீர்மானம் கொண்டுவந்த.”

கான் தன் ரொட்டிப் பையை மடித்துச் சட்டைக்குள் வைத்தார். நடந்து போய்ப் பெண்ணுக்குப் பக்கத்தில், பீப்பாயின் மறுபுறம், கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார். நெருப்பில் கையைக் காட்டிக் குளிர் காய்ந்தார்.

“அறிவு கெட்ட காரியம் மேனா” என்றார் மெதுவாக. “ஆனா முறையா செஞ்சிருக்க.”

மறியல் வைத்தால் தாண்டாமல் இருப்பது பாதி மரியாதைதான். கூட நிற்பது மீதி. அரை மணி நேரத்தில் அறுபது பேரும் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு குழந்தை வண்டியோடு ரொட்டி கொண்டுவந்த பெண்களையும், ஞாயிற்றுக்கிழமை வேடிக்கைக்கு வந்தவர்களையும் அவர்களே திருப்பி அனுப்பினார்கள். பழைய வழக்கப்படி கூட்டத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். பாதிப் பேர் வாசலில், பாதிப் பேர் எதிர்க்கடையில் பீர்க் கோப்பையோடு. மணிக்கு ஒரு தடவை ஆள் மாற்றம். இந்த முறையில்தான் துறைமுகத்தில் கப்பல் சரக்கையே இறக்கினார்கள். ஏழே முக்காலுக்குப் பிஷப் ஒரு பெட்டிமேல் ஏறிப் பெயர் கூப்பிட ஆரம்பித்தார். பெயர் வந்தவர்கள் “இருக்கேன்” என்று அதட்டலாகப் பதில் சொன்னார்கள். ஆறு வருஷத்துக்குப் பிறகு அவர்களை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்.

முள் மெதுவாக ஏறியது. சனிக்கிழமை 3.1. செவ்வாய் 4.4. அலாஸ்டேர் எங்கிருந்தோ இன்னொரு பம்பை வாடகைக்குக் கொண்டுவந்து தெற்கு மூலையில் இறக்கினார். தினமும் காலையில் மேனா படகைக் கரைக்குக் கொண்டுவந்தவுடன், குதிரைப் பந்தய முடிவைக் கேட்பதைப் போலக் கேட்டார்கள்.

“எவ்வளவு?”

“அஞ்சே கால்.”

“நேத்து அஞ்சுதான? ஆக, கால் ஏறியிருக்கு. நம்ம ஆளு ஜெயிக்கறான்யா.”

பத்தொன்பதாம் தேதி திங்கட்கிழமை, லேசான தூறல். மேனா தெற்கு மூலையில் கம்பியை இறக்கினாள். முள் நடுங்கி, நகர்ந்து, 6.3-இல் நின்றது. மறுபடி இறக்கினாள். 6.3. பெட்டியை மூடினாள். கொக்கியை மாட்டிவிட்டுக் கரையைப் பார்த்துத் துடுப்பு வலித்தாள்.

பத்து மணிக்கு நகரசபைக் கார் வந்தது. உள்ளே அலாஸ்டேர், அவருக்குப் பக்கத்தில் கட்டடக் கம்பெனியிலிருந்து வந்த பெண். சந்தன நிறக் கோட்டு, மடியில் ஒரு கோப்பு. அவர் கையெழுத்துதான் எல்லாம். கார் வாசலை நெருங்கியது. கான் கேரிட்டி நடு வழியில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் அறுபது பேர்.

மேனா ஓடிவந்தாள்.

“அப்பா, இவங்கள உள்ள விடணும். இவங்களுக்காகத்தான இத்தன நாளா நின்னோம்.”

“மறியல் நிக்குதே.”

“நான் வச்சதுதான? எடுத்துட்டேன் போ.” அவள் பலகையைக் கையிலெடுத்தாள்.

“வைக்கறதுக்கு ஒரு ஆள் போதும் மேனா. எடுக்கணும்னா கூட்டம் போடணும். சமரசம் என்னான்னு சொல்லணும். கை தூக்கணும். நீ தனியா எடுத்தா நாளைக்கு ரொட்டியோட வர்றவன நான் என்ன சொல்லி நிறுத்துவேன்?”

கார்க் கண்ணாடி இறங்கியது. “எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்டார் அந்தப் பெண். “பதினொன்றரைக்கு எனக்கு ரயில்.”

“அம்பத்தஞ்சுல ஆறு வாரம் ஆச்சும்மா” என்றார் கான், மிகுந்த பணிவோடு.

அலாஸ்டேர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். மேனா அப்பாவைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், பாலத்துக்குப் பக்கத்தில் தெரிந்த செங்கல் மலையைப் பார்த்தாள். வாழ்நாளில் அவள் கூட்டத்தில் பேசியதில்லை. பிஷப்பின் பெட்டிமேல் ஏறினாள்.

“எல்லாரும் கேளுங்க. இன்னிக்குக் காலையில முள்ளு ஆறு புள்ளி மூணு. இத ஏத்துனது பம்பு இல்ல, நகரசபை இல்ல, நீங்க நின்னதுதான். சமரசம் இதான். ரொட்டி இனிமே கிடையாது, யாருக்கும், எப்பவும். வாசல் உங்களோடது. ஏழே முக்காலுக்குப் பேரு கூப்புடறது நிக்காது. தண்ணியப் பாத்துக்கறது உங்க வேலை. சம்மதம்னா கையத் தூக்குங்க.”

கைகள் எழுந்தன. மழையில் நனைந்த கைகள், துறைமுக வேலையில் போனதால் பல கைகளில் விரல்கள் குறைவு. பிஷப் எண்ணவே தேவையில்லை என்றாலும் எண்ணினார்.

“எதிர்ப்பு?”

ஒரே ஒரு கை. கான் கேரிட்டியின் கை.

“அப்பா” என்றாள் மேனா.

“நாப்பத்தோரு வருஷமா ஒவ்வொரு சமரசத்தையும் எதுத்துத்தான் ஓட்டு போட்டிருக்கேன். எல்லாரும் ஒரே மாதிரி கை தூக்குனா முதலாளிக்குச் சந்தேகம் வரும்.” அவர் கையை இறக்கி, வாளித் தண்ணீரை எடுத்துப் பீப்பாயில் ஊற்றினார். புகை குப்பென்று எழும்பியது. “தீர்மானம் நிறைவேறிடுச்சு. வழி விடுங்கப்பா, பத்தே முக்கால் ஆவுது, அந்த அம்மா ரயிலப் புடிக்கணும்.”

வலையின் ஒரு முனை கரையில் நின்றவர்களிடம், மறுமுனை படகில் மேனாவிடம். அரை வட்டமாக அவள் வலையை விட்டுக்கொண்டே போய்க் கரைக்குத் திரும்பினாள். கரையில் இருபது கைகள் கயிற்றைப் பிடித்தன. இழுக்கத் தெரியுமா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. பிஷப் சிலுவை போட்டார். “ஏலே இழு” என்று கான் குரல் கொடுத்தார். வலை நெருங்க நெருங்கத் தண்ணீர் கொதிப்பதைப் போலக் குமிழ்ந்தது. பிறகு வெள்ளி. வலை முழுக்க வெள்ளி. துள்ளித் துள்ளி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சிவப்புத் துடுப்புகளோடு, நூற்றுக்கணக்கில். கம்பெனிக்காரப் பெண் கோப்பினை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விளிம்பு வரைக்கும் வந்துவிட்டார். சந்தனக் கோட்டில் தண்ணீர் தெறித்தது. அவர் பின்வாங்கவில்லை.

“எல்லாமே உயிரோட இருக்கா?” என்றார்.

“நம்ம ரொட்டி தின்னும் சாகலன்னா இனிமே எதுக்கும் சாகாது” என்றார் பிஷப்.

அந்த நேரத்தில்தான் பாரம் தாங்காமல் வலை ஒரு இழு இழுத்தது. படகில் எழுந்து நின்று கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டிருந்த மேனா, தலைகுப்புறத் தண்ணீருக்குள் போனாள்.

கரையிலிருந்து நூறு வருஷப் பழக்கம் ஒரே குரலாக எழுந்தது. “ஆம்புலன்ஸக் கூப்புடு, ஆம்புலன்ஸக் கூப்புடு.” இரண்டு பேர் போன் பெட்டியை நோக்கி ஓடினார்கள். கயிறு இன்னும் அவள் கையில் இருந்ததால் மீனோடு மீனாக அவளையும் இழுத்துக் கரையில் போட்டார்கள். அவள் உட்கார்ந்து இருமினாள். தலைமுடியிலிருந்து ஒரு குட்டி மீன் விழுந்து துள்ளியது. கான் மண்டியிட்டு அதை எடுத்துத் தண்ணீரில் விட்டுவிட்டுத்தான் பெண்ணிடம் வந்தார்.

“முழுங்கிட்டியா?” அவர் முகம் வெளுத்திருந்தது. முப்பத்தெட்டில் அவரே விழுந்த நாள் முழுவதும் அந்த முகத்தில் இருந்தது. “எவ்வளவு முழுங்கின?”

“ஒரு வாய் நெறைய.”

“எப்படி இருந்துச்சு? எண்ணெயா? தாரா?”

மேனா நாக்கைச் சப்புக்கொட்டி யோசித்தாள். அறுபது பேரும் காத்திருந்தார்கள்.

“ஒண்ணுமே இல்லப்பா” என்றாள். “வெறும் தண்ணி.”

ஆம்புலன்ஸ் வந்தது. குழாயை எடுத்தவர்களிடம் அவள் போர்வையை மட்டும் வாங்கிக்கொண்டு, அவர்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தாள். கம்பெனிக்காரப் பெண் பதினொன்றரை ரயிலைத் தவறவிட்டார். பன்னிரண்டரை ரயிலுக்கு முன்னால், காரின் முன்பக்கத்தில் கோப்பினை வைத்து, மழை படாமல் பிஷப்பின் தொப்பியைக் குடையாகப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

குளிர்காலத்தில் லாரிகள் செங்கல் மலையைக் கரைக்க வந்தன. பதினான்காம் கூடத்தின் செங்கற்கள் குளத்துக்குள் போகவில்லை. சுத்தம் செய்து, குளத்தைச் சுற்றி நடைபாதையாகப் பதித்தார்கள். மேனா அறுபது வயது வரைக்கும் அந்தப் படகில் போனாள். பாதையில் கூடத்தின் எண் அச்சிட்ட செங்கல் எங்கே இருக்கிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு காட்டுவாள்.

பாதை திறந்த முதல் நாள் காலை ஏழே முக்காலுக்குப் பிஷப் பெயர் கூப்பிட்டார். கான் “இருக்கேன்” என்றார். பிறகு செங்கல்மேல் நடந்து விளிம்புக்கு வந்து, சட்டைக்குள் கைவிட்டு ரொட்டிப் பையை எடுத்தார். நடுக்குளத்தில் துடுப்பு நின்றது. மேனா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

கீழே மீன்கள் சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்றும் வாயைத் திறந்துகொண்டு மேலே வரவில்லை. கான் அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ரொட்டியை இரண்டாகப் பிய்த்து, பாதியைப் பிஷப்பிடம் கொடுத்துவிட்டு, மீதியைத் தானே தின்றார்.